2027க்கு ஜப்பானிய ஓவியச் சுவர்க் காலண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

காகிதக்கொக்கு:

கூடத்தில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே மாட்ட 2027க்கு ஒரு ஜப்பானிய ஓவியக் காலண்டர் தேடுகிறேன். சுவரில் இருக்கிற இடம் அகலம் 42 செ.மீ., உயரம் 70 செ.மீ. உகியோ-எ மரச்செதுக்கு அச்சோ அதையொட்டிய மரபு ஓவியமோ வேண்டும். செர்ரிப்பூ, கோயில் நிழற்படங்கள் வேண்டாம். தேதிக் கட்டத்தில் கேஸ் வந்த நாள், பால் கணக்கு எழுத இடம் வேண்டும். வருடம் முடிந்தபின் இரண்டு மூன்று தாளையாவது சட்டம் போட முடிய வேண்டும்.

இணையத்தில் கண்ணில் படுவதில் பாதி 12 அங்குலச் சதுரம், முகப்பில் ஓவியர் ஹொகுசாயின் பேரலை. மீதி ஜப்பானிலிருந்து வரும் நீளத் தாள். ஜப்பானிய எழுத்து தெரியாது. எதையெதைப் பார்த்து முடிவு செய்வது?

மிதக்கும்உலகு:

சதுரத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஹொகுசாய், ஹிரோஷிகே இருவரின் பெயர்பெற்ற நிலக்காட்சிகள் பெரும்பாலும் ‘ஓபான்’ என்ற அளவில் அச்சானவை, ஏறக்குறைய 26 × 38 செ.மீ. பேரலையின் அளவு 25.7 × 37.9. அதைச் சதுரத்தில் விளிம்புவரை நிரப்பினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இடப்பக்கம் வெட்டினால் தலைப்புக் கட்டமும் ஹொகுசாயின் கையெழுத்தும் அலையின் முதுகும் போகும். வலப்பக்கம் வெட்டினால் ஃபூஜி மலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அலைக்கு எதிரே இருக்கிற வெற்றிடம்தான் அந்தப் படத்தின் பாதி பலம், அது இருக்காது.

ஹிரோஷிகேயின் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ தொடர் (1856–58; எடோ என்பது இன்றைய டோக்கியோ) நெட்டுவாக்கு. அதைச் சதுரமாக்கினால் மேலோ கீழோ வெட்டு விழும். கமெய்தோ உமே (ஜப்பானியப் பிளம்) மரத் தோப்புப் படத்தில் முதலில் பலியாவது மேலே இருக்கும் சிவப்பு வானம். சில பதிப்பாளர்கள் வெட்டாமல் முழுப் படத்தையும் சதுரப் பக்கத்துக்குள் அடக்கி, மேலும் கீழும் வெற்றுத்தாள் விடுவார்கள். அது நேர்மையான வழி. ஆனால் படம் 28 × 19 செ.மீ. அளவுக்குச் சுருங்கும்.

இன்னொரு சோதனை: படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவுக் காலண்டர்களில் இது நடக்கிறது. பேரலையில் பெரிய அலை இடப்பக்கம், தலைப்புக் கட்டம் இடது மேல்மூலை. ஹொகுசாயின் இன்னொரு படமான செந்நிற ஃபூஜியில் சிகரம் வலப்பக்கம், தலைப்பு இடது மேல்மூலை. இது மாறியிருந்தால் அந்தக் காலண்டரைத் தயாரித்தவர் மூலத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். மீதி 11 படத்தையும் நம்ப வேண்டாம்.

அச்சுக்கோர்ப்பு:

சதுரத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள், அவர் எழுத இடம் கேட்கிறார். 12 அங்குலச் சதுரத்தைத் திறந்து மாட்டினால் 30.5 × 61 செ.மீ. கீழ்ப் பக்கம் முழுவதும் தேதிகளுக்கு. ஒரு நாளுக்கு ஏறக்குறைய 41 × 50 மி.மீ. கிடைக்கும். பி3 அளவு நீளத் தாளில் மேலே படம் கீழே தேதி என்றால், தேதிக்கு ஒதுக்குவது கீழே 16–17 செ.மீ. மட்டும். கட்டம் 50 × 28 மி.மீ. வரும், அதிலும் பெரிய எண்ணும் ஜப்பானியக் குறிப்பும் 10 மி.மீ. தின்றுவிடும்.

ஆனால் சட்டம் போட நினைத்தால் சதுரத்தில் இரண்டு சிக்கல். ஆணியில் மாட்டும் துளை எல்லாத் தாளையும் துளைத்துக்கொண்டு போகும், அதாவது ஒவ்வொரு படத்தின் மேல்விளிம்பு நடுவிலும் ஒரு ஓட்டை. 12 மி.மீ.யாவது மறைக்கிற மௌண்ட் அட்டை வைக்க வேண்டும். அடுத்து, ஒரு மாதத்தின் தேதிப் பக்கத்துக்குப் பின்பக்கம்தான் அடுத்த மாதப் படம். தாள் மெல்லியது என்றால் நீங்கள் அழுத்தி எழுதிய பால் கணக்கு படத்தில் மேடாகத் தெரியும். பால்பாயிண்ட் பேனா இதில் மோசம்.

நீளத் தாளில் அச்சு ஒரு பக்கம்தான். பின்புறம் வெள்ளை, படத்தில் துளை கிடையாது. சட்டத்துக்கு அதுதான்.

நகோயாக்காரன்:

அளவுகளைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பி வரிசைத் தாள் உலக அளவிலிருந்து கொஞ்சம் பெரியது. ஜப்பானிய பி3 என்பது 364 × 515 மி.மீ.; உலகத் தர பி3 353 × 500. பொருள் விவரத்தில் வெறும் ‘பி3’ என்றிருந்தால் மி.மீ. கணக்கைப் பாருங்கள். உங்கள் இடத்துக்கு ஜப்பானிய பி3 சரி, இருபுறமும் 3 செ.மீ. மூச்சு விடும். ஏ2 வேண்டாம். 420 × 594, ஜன்னல் சட்டத்தில் போய் இடிக்கும்.

பி3இல் இன்னொரு லாபம்: நெட்டுவாக்கு ஓபான் படம் மேலே 34 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்தால் ஏறக்குறைய மூல அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோடுகள் செதுக்கியவர் நினைத்த தடிமனில் தெரியும். அகலவாக்குப் படமும் மூலத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரும்.

மாட்டும் முறை மூன்று வகை. மேலே தகரப்பட்டி, மாதம் முடிந்ததும் கிழித்துவிடலாம். வயரோ கம்பி, பின்னால் மடித்துவிடலாம். மரக்குச்சியும் நாடாவும் வைத்த சுருள் வகை. சட்டம் போடத் தகரப்பட்டி நல்லது, ஆனால் கிழிக்கும்போது பட்டியை இடக்கையால் அழுத்திக்கொண்டு ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் மேல்விளிம்பு பல் பல்லாகக் கிழியும்.

கடைகளில் அடுத்த ஆண்டுக் காலண்டர் செப்டம்பர், அக்டோபரிலேயே வந்துவிடும். ஜனவரியில் விலை இறங்கும், அப்போது நல்ல ஓவியக் காலண்டர்கள் தீர்ந்திருக்கும். ஏப்ரலில் தொடங்கும் காலண்டரும் உண்டு, பள்ளி ஆண்டும் அலுவலக நிதியாண்டும் ஏப்ரலில்தானே. தலைப்பைப் பார்க்காமல் அதை வாங்கிவிட வேண்டாம்.

பஞ்சாங்கப்பிரியை:

படத்தை எல்லாரும் பார்ப்பீர்கள், நான் தேதிகளுக்கு வருகிறேன். 2027 காலண்டர் ஒழுங்காகப் போடப்பட்டதா என்று கண்டுபிடிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை, ஜப்பானிய விடுமுறைகளைக் காட்டும் சிவப்பு எண்களைப் பார்த்தால் போதும்.

மார்ச் 22, திங்கள். வசந்தகாலச் சம இரவு நாள் 2027இல் மார்ச் 21, ஞாயிறு. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் அடுத்த நாளுக்கு ஈடு விடுமுறை உண்டு. ஆகவே 21, 22 இரண்டும் சிவப்பாக இருக்க வேண்டும். 2027 முழுவதிலும் இப்படி வருவது இந்த ஒன்றுதான், அதனால்தான் நழுவவிடுகிறார்கள்.

பிப்ரவரி 23 சிவப்பு, டிசம்பர் 23 கறுப்பு. இன்றைய பேரரசரின் பிறந்தநாள் பிப்ரவரி 23. முந்தையவருடையது டிசம்பர் 23, அது 2018வரை விடுமுறை. டிசம்பர் 23 சிவப்பாக இருந்தால் பழைய கட்டத்தை எடுத்து எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஜனவரி, மே, அக்டோபர். ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் இந்த மூன்று மாதத்துக்கும் ஆறு வரிசை வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க ஐந்து வரிசையில் அடக்கி, ஜனவரியிலும் அக்டோபரிலும் 24க்கும் 31க்கும் ஒரே கட்டம், மே மாதத்தில் 23க்கும் 30க்கும் ஒன்று, 24க்கும் 31க்கும் ஒன்று என்று குறுக்குக்கோடு போட்டுவிடுவார்கள். எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டங்கள் உதவாது. மாதிரிப் பக்கமாக எப்போதும் ஏப்ரலைத்தான் காட்டுவார்கள், நீங்கள் மே மாதத்தைக் கேளுங்கள்.

சனிக்கிழமை நீலம், ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு என்பது அங்கே வழக்கம். ஆண்டுத் தலைப்பில் 2027உடன் ரெய்வா 9 என்று பேரரசரின் ஆட்சியாண்டும் இருக்கும். அந்த ஆண்டுக்குரிய விலங்கு ஆடு.

திண்ணைவாசகர்:

ஜப்பானிய விடுமுறை நமக்கெதற்கு? தீபாவளி, பொங்கல் கறுப்பில்தான் இருக்கப்போகிறது. படம் நன்றாக இருந்தால் வாங்க வேண்டியதுதானே.

பஞ்சாங்கப்பிரியை:

விடுமுறைக்காகச் சொல்லவில்லை. கட்டத்தைச் சரிபார்க்காத பதிப்பாளர் படத்தின் நிறத்தையும் சரிபார்த்திருக்க மாட்டார்.

நம் பண்டிகைகளுக்கு வழி எளிது: 6 மி.மீ. வட்ட ஒட்டிகள் வாங்கி எண்ணின் மேல் மூலையில் ஒட்டுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பேனாவால் வட்டமிட்டால் மை ஈஷிக்கொள்ளும்.

சரியாக அச்சிட்டும் தவறாகிப்போன ஆண்டுகளும் உண்டு. ஒலிம்பிக்குக்காக 2021இன் மூன்று விடுமுறைகளை மாற்றிய சட்டம் 2020 நவம்பர் கடைசியில்தான் நிறைவேறியது. கடல் நாள் ஜூலை 19இலிருந்து 22க்கும், விளையாட்டு நாள் அக்டோபர் 11இலிருந்து ஜூலை 23க்கும், மலை நாள் ஆகஸ்ட் 11இலிருந்து 8க்கும் போயின. அதற்குள் காலண்டர்கள் கடைக்கு வந்துவிட்டன. இதைவிடப் பெரிய அடி 1872இல். டிசம்பர் 9ஆம் தேதி அறிவித்து, 1873 ஜனவரி 1 முதல் சூரிய நாட்காட்டி என்றார்கள். அடுத்த ஆண்டுக்குப் பழைய முறையில் அச்சிட்டு வைத்திருந்தவர்களுக்கு அத்தனையும் நட்டம்.

காகிதக்கொக்கு:

தேதிக்குக் கீழே சின்னதாக இரண்டு எழுத்து, ஆறு நாளுக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. அது என்ன? அது இல்லாத காலண்டரும் இருக்கிறதே.

பஞ்சாங்கப்பிரியை:

அது ரொக்குயோ, ஆறு நாள் சுழற்சி. சென்ஷோ, தொமொபிகி, சென்பு, புட்சுமெட்சு, தாய்ஆன், ஷாக்கோ என்று வரிசை. நம் தினசரிக் காலண்டரில் ராகுகாலம் பார்ப்பதுபோல அங்கே திருமணத்துக்குத் தாய்ஆன் பார்ப்பார்கள், தொமொபிகி அன்று இறுதிச்சடங்கைத் தவிர்ப்பார்கள். பல ஊர்களில் அன்று எரியூட்டுமையங்களே விடுமுறை.

கணக்கு எளிது. பழைய சந்திர நாட்காட்டியின் மாத எண்ணையும் தேதி எண்ணையும் கூட்டி 6ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் தாய்ஆன், 1 ஷாக்கோ, 2 சென்ஷோ, 3 தொமொபிகி, 4 சென்பு, 5 புட்சுமெட்சு. ஒவ்வொரு சந்திர மாதத் தொடக்கத்திலும் சுழற்சி இடறும், அதனால் அச்சுப்பிழை எளிதில் நுழையும்.

2027இல் இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. பிப்ரவரி அமாவாசை பெய்ஜிங் நேரப்படி 6ஆம் தேதி நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு. டோக்கியோ ஒரு மணி நேரம் முந்தியதால் அங்கே 7ஆம் தேதி பிறந்துவிடுகிறது. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, ஜப்பானியப் பழைய முறையில் முதல் மாதம் முதல் நாள் பிப்ரவரி 7. முதல் மாதத்து முதல் நாள் எப்போதும் சென்ஷோ. காலண்டரில் 6ஆம் தேதியே சென்ஷோ என்றிருந்தால், சீனப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்து தெரியாவிட்டாலும், சென்ஷோ, சென்பு இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே என்பதை வைத்துப் பிடித்துவிடலாம்.

மிதக்கும்உலகு:

தேதிக் கட்டம் பற்றிய பேச்சு ஓவியத்திலிருந்து விலகினதல்ல. பல நிற மரச்செதுக்கு அச்சு, அதாவது நிஷிகி-எ, பிறந்ததே காலண்டரில்தான். எடோ காலத்தில் காலண்டர் அச்சிடுவதற்கு உரிமம் பெற்றவர்கள் தனி. மற்றவர்கள் அந்த ஆண்டில் எவை 30 நாள் மாதம், எவை 29 நாள் மாதம் என்பதைப் படத்துக்குள் ஒளித்துவைத்து நண்பர்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். 1765இல் பணக்கார ரசிகர்கள் இதற்காகச் செலவு செய்யத் தொடங்கியதும் சுசுகி ஹாருநோபு பல கட்டைகளில் முழு நிற அச்சுக்கு வந்தார். திடீர் மழையில் கொடித்துணி எடுக்க ஓடும் பெண்ணின் படத்தில், பறக்கும் உடையின் கோலத்திலேயே அந்த ஆண்டின் பெரிய (30 நாள்) மாதங்கள் 2, 3, 5, 6, 8, 10 என்று எழுதியிருக்கும். ஹாருநோபுவை வைத்து ஒரு காலண்டர் போடுகிறவர் இந்தப் படத்தைச் சேர்க்கவில்லை என்றால் எனக்கு அவர்மேல் மதிப்பு குறையும்.

இனி மாதத்துக்குப் படம் பொருந்துகிறதா என்ற விஷயம். இதில் பெரும்பாலான காலண்டர்கள் கோட்டைவிடுகின்றன. ‘எடோவின் நூறு காட்சிகள்’ மொத்தம் 119 படம். தொடர் முடிந்தபின் அச்சான பொருளடக்கம் முதல் 118ஐ வசந்தம் 42, கோடை 30, இலையுதிர் 26, பனிக்காலம் 20 என்று பிரித்தது. அது பழைய நாட்காட்டியின் பருவம். ஏழாம் மாதத்திலேயே இலையுதிர்காலம் தொடங்கிவிடும். அதனால் தனாபதா விழாப் படமும் ரியோகோக்கு வாணவேடிக்கையும் இலையுதிர் பகுதியில் இருக்கின்றன. பட்டியலை மட்டும் பார்த்து வாணவேடிக்கையை அக்டோபருக்குப் போட்ட காலண்டர்கள் உண்டு. வேடிக்கை கோடையில் நடப்பது.

திண்ணைவாசகர்:

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளிப் போட்டால் சரியாகிவிடுமா?

மிதக்கும்உலகு:

பூவும் பனியும் தள்ள வேண்டும், பண்டிகை தள்ளக் கூடாது. பழைய முதல் மாதத்து உமே மலர் இன்று பிப்ரவரி. ஹொரிகிரி ஐரிஸ் ஜூன். ஆனால் மீன் கொடிகள் பறக்கும் சுய்தோ பாலத்துப் படம் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் விழாவுக்கானது. அந்த விழா எண் மாறாமல் மே 5க்கு வந்துவிட்டது, ஆகவே மே மாதம்தான். தனாபதா பெரும்பாலான ஊர்களில் ஜூலை 7, செண்டாயில் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை. இரண்டு மாதமும் தகும். ஓஜி நரித்தீப் படம் ஆண்டின் கடைசி இரவைக் காட்டுவது, டிசம்பரைத் தவிர வேறெங்கும் போட முடியாது.

பேரலைக்கு வெளிப்படையான பருவக் குறி கிடையாது, எந்த மாதத்திலும் வைக்கலாம். செந்நிற ஃபூஜி கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் விடியல். அதை ஜனவரிக்குப் போடுவது ‘புத்தாண்டுக்கு ஃபூஜி மங்கலம்’ என்ற கணக்கில். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஹிரோஷிகேயின் கன்பாரா இரவுப்பனிப் படம் இன்னொரு வேடிக்கை. அந்த ஊர் ஷிசுவோக்காவின் கடலோரம், பனி விழுவதே அபூர்வம். படத்தில் முழங்கால் பனி. ஆனாலும் ஜனவரிக்கு அதைவிட நல்ல படம் சொல்லுங்கள் பார்ப்போம்.

நகோயாக்காரன்:

ஷிபா ஸோஜோஜி. கவாசே ஹாசுய், 1925. சிவப்புக் கோயில் வாசல், சாய்ந்தடிக்கும் பனி, குடை.

மிதக்கும்உலகு:

ஒப்புக்கொள்கிறேன். ஹாசுய் காலண்டர்தான் அறைக்குள் எளிதில் அமரும். வதனபே ஷோசபுரோ பதிப்பித்த ‘புதிய அச்சு’ இயக்கத்துக்காரர், இரவு, மழை, பனி மூன்றிலும் கை தேர்ந்தவர். பிரச்சினை ஒன்று: இரவுப் படம் அதிகம். பன்னிரண்டில் ஐந்தாறு கருநீலமாக இருந்தால் ஜன்னலுக்கு நடுவே மாட்டும்போது பகலில் வெறும் கறுப்புச் செவ்வகமாகத் தெரியும், கண் வெளிச்சத்துக்குப் பழகியிருக்குமே. காகிதக்கொக்கின் சுவருக்கு ஹிரோஷிகே மேல்.

அச்சுக்கோர்ப்பு:

அதோடு எந்த ஓவியம் ஆஃப்செட்டில் (சாதாரண நான்கு நிற இயந்திர அச்சில்) தாங்கும், எது தாங்காது என்றும் பார்க்க வேண்டும்.

ஷராக்குவின் நடிகர் முகங்கள் (1794) கருமையான அபிரகப் பொடித் தளத்தில் அச்சானவை. மூலத்தில் மின்னும், நான்கு நிற அச்சில் அழுக்குச் சாம்பல். ரின்பா என்ற ஓவிய மரபின் தங்கத்தாள் பின்னணியும் அப்படியே. ஒகாட்டா கோரினின் ஐரிஸ் திரை தங்கத்தில் நீலமும் பச்சையும். சாதாரண அச்சில் தங்கம் கடுகு நிறமாகும். விவரத்தில் ஐந்தாவது மையாகத் தங்கம் என்றிருந்தால் மட்டும் வாங்கலாம். அந்தத் திரைகள் ஆறு மடிப்பு கொண்ட ஜோடி, ஒவ்வொன்றும் 151 × 339 செ.மீ. அளவு, ஆகவே எந்தக் காலண்டரிலும் துண்டுதான் வரும். துண்டு எங்கே வெட்டப்பட்டது என்று பாருங்கள். மடிப்புக்கோட்டில் வெட்டியிருந்தால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இட்டோ ஜக்குச்சூவின் 30 சுருள் கொண்ட உயிரினத் தொடரில் பட்டின் பின்பக்கமும் நிறம் தீட்டியிருக்கும். அந்த ஆழம் அச்சில் வராது, கோடும் இறகும் வரும். அதுவே போதுமான அளவு அழகு.

ஹிரோஷிகேயில் பார்க்க வேண்டியது வானத்தின் மேல்விளிம்பில் நீலம் கரைந்து மறையும் பட்டை, ‘பொக்காஷி’. கட்டையில் ஈரம் வைத்துக் கையால் துடைத்து உண்டாக்குவது. நல்ல அச்சில் வழுக்கிக்கொண்டு கரையும். சுருக்கின கோப்பிலிருந்து அச்சிட்டால் படிப்படியாக வரி தெரியும். விற்பனைப் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி இந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

தாளின் நிறமும் முக்கியம். மூலத்தின் காகிதம் இளம்பழுப்பு. அதைப் பளீர் வெள்ளையாக்கியிருந்தால் கணினியில் தானியங்கித் திருத்தம் போட்டிருக்கிறார்கள், சிவப்பு எல்லாம் சேர்ந்து கத்தும்.

இப்போது புதிதாக ஒரு குப்பை: கணினியே வரைந்த ‘ஜப்பானிய பாணி’ காலண்டர்கள். ஓவியர் பெயர் இருக்காது, படத்தின் தலைப்பு இருக்காது, முத்திரைக் கட்டத்துக்குள் எழுத்துபோல் கிறுக்கல் இருக்கும். பின்னட்டையில் ஓவியர், தலைப்பு, ஆண்டு, எந்த அருங்காட்சியகப் பிரதி என்ற நான்கும் இருந்தால் அது உருப்படியான காலண்டர்.

காகிதக்கொக்கு:

பன்னிரண்டு மாதத்துக்கென்றே வரைந்த தொடர் இருக்கிறதா? மாதப் பொருத்தம் பற்றிய தலைவலி தீருமே.

மிதக்கும்உலகு:

சக்காய் ஹோயிட்சுவின் ‘பன்னிரு மாதப் பூவும் பறவையும்’. 1823இல் முடித்த தொகுதி அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. நான்காம் மாதம் பியோனியும் வண்ணத்துப்பூச்சியும், பதினொன்றாம் மாதம் நாணலும் வெண்கொக்கும். தலைவலி தீராது, ஏனென்றால் அவையும் பழைய மாதங்கள். ஆனால் ஜப்பானியப் பதிப்பாளர்கள் எண்ணை மாற்றாமல் அப்படியே போடுவதுதான் வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை. தொங்குசுருள் என்பதால் அகலத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் உயரம். பி3இல் போட்டால் ஒல்லியாக நிற்கும், இல்லையென்றால் கீழ்ப்பாதியை மட்டும் காட்டுவார்கள். ஒடுங்கிய நெட்டைக் காலண்டராகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். எழுதக் கட்டம் இருக்காது.

நகோயாக்காரன்:

அச்சு இல்லாமல் கைவேலை வேண்டுமென்றால் கத்தசோமே காலண்டர்கள் உண்டு. செரிசாவா கெய்சுகே (1895–1984) போருக்குப்பின் கைக்காகிதத்தில் தொடங்கிவைத்த வகை. பெர்சிமன் சாறு பூசிய தாளில் வெட்டிய அச்சுத்தகடு, அரிசிப் பசையால் மறைப்பு, பிறகு சாயம். எண்களே ஓவியத்தின் பகுதி. விலை பலமடங்கு. எழுத முடியாது, மை ஊறிப் பரவும். ஈரமான ஊரில் அலையலையாகும். அது வேறு தேவைக்கு.

திண்ணைவாசகர்:

இவ்வளவு நிபந்தனைக்குப் பதில் நாமே அச்சடித்தால் என்ன? சிவகாசிக்குக் காலண்டர் புதிதா?

அச்சுக்கோர்ப்பு:

ஒரு பிரதிக்கு ஆஃப்செட் ஏற்றமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் டிஜிட்டல் அச்சகத்தில் ஏ3 போதும். முகப்போடு 13 தாள், 200 ஜிஎஸ்எம் எடையில் பளபளப்பில்லாத மேட் தாள். படம் 270 × 180 மி.மீ. என்றால் 300 டிபிஐக்கு 3189 × 2126 பிக்சல் வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்தும் சிகாகோ கலைக்கழகம் 2018இலிருந்தும் உரிமை கோராத படங்களைப் பெரிய கோப்பாகவே தருகின்றன. தேடும்போது பொதுவுரிமை என்ற வடிப்பானைப் போடுங்கள்.

நான்கு நிறத்துக்கு மாற்றும்போது நீலம் ஊதாவாகும். பெர்லின் நீலம்தான் ஹொகுசாய்க்கும் ஹிரோஷிகேவுக்கும் உயிர், அதனால் நீலத்தை ஊதாவாக விடக் கூடாது. கருநீலப் பகுதிகளில் மஜென்டா மை, சயான் (நீல) மையைவிட 30 சதவீதப் புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். தேதித் தாளில் லேமினேஷன் போடாதீர்கள், பேனா பிடிக்காது. 13 தாள் சேர்ந்து ஏறக்குறைய 3 மி.மீ. வரும், கால் அங்குல வயரோ போதும். அகலம் 297 மி.மீ. பக்கத்தில்தான் கம்பி என்று எழுதியே கொடுங்கள், இல்லாவிட்டால் நீளப்பக்கம் குத்திவிடுவார்கள்.

ஹாசுய் இறந்தது 1957. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு என்பதால் 2017 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஜப்பானில் அப்போதிருந்த 50 ஆண்டுக் கணக்கில் 2007 முடிவோடு தீர்ந்தது; 2018 டிசம்பர் 30இல் 70 ஆண்டாக நீட்டியபோது தீர்ந்தவை திரும்பவில்லை.  செரிசாவாவைத் தொட வேண்டாம்.

காகிதக்கொக்கு:

முடிவு செய்துவிட்டேன்: ஹிரோஷிகே ‘நூறு காட்சிகள்’, ஜப்பானிய பி3, தகரப்பட்டி. மே மாதப் பக்கம் கேட்டு வாங்கிப் பார்த்தேன், ஆறு வரிசை இருக்கிறது. மீன் கொடிப் படம் அதே பக்கத்தில். எழுத இடம் கொஞ்சம் குறைவு, பால் கணக்கை வேறெங்காவது வைத்துக்கொள்கிறேன். அனுப்பும்போதும் மாட்டும்போதும் என்ன கவனிக்க வேண்டும்?

நகோயாக்காரன்:

குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். கீழ்விளிம்பிலிருந்து மேலே பட்டியை நோக்கிச் சுருட்ட வேண்டும், அப்போதுதான் பட்டி குழாயின் நீளத்தோடு நேராகக் கிடக்கும். குழாய் உள்நீளம் 38 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தட்டையான உறையில் மடக்கி வந்தால் பட்டி வளையும், வளைந்த தகரம் நேராவதில்லை. அஞ்சல் கட்டணம் பல சமயம் காலண்டர் விலையைத் தாண்டும். சுங்கத்தில் காலண்டர் 4910 தலைப்பில் வருகிறது, புத்தகத்தின் 4901இல் அல்ல. புத்தகம் என்று எண்ணித் தீர்வை கணக்குப் போட வேண்டாம்.

வந்ததும் உடனே மாட்டாதீர்கள். படப்பக்கம் கீழாகப் பரப்பி, மேலே வெள்ளைத்தாள் போட்டுப் புத்தகங்களை இரண்டு நாள் வையுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நேராக்க முயன்றால் மை விரிசல் விடும்.

அச்சுக்கோர்ப்பு:

ஜன்னலுக்கு நடுவே என்பதால் வெயில் நேராக விழாது, பக்கவாட்டில் வரும். அச்சு மையில் மஞ்சளும் மஜென்டாவும் முதலில் வெளுக்கும், சயானும் கறுப்பும் நிற்கும். முழு வருடமும் வெயில் பட்டால் டிசம்பர் தாள்கூட விளிம்பில் நீலம் பாரிக்கும். சட்டம் போட நினைக்கும் தாள்களை அந்தந்த மாதம் முடிந்ததுமே கிழித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள்.

வெளிச்சுவர் என்றால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். பட்டியின் இரு முனைக்குப் பின்னாலும் கீழ் மூலைகளுக்குப் பின்னாலும் 5 மி.மீ. ரப்பர் பொட்டு ஒட்டினால் காற்று போகும். கீழ்மூலை சுருண்டால் சின்ன பிளாஸ்டிக் கிளிப் இரண்டு போதும். இரும்புக் கிளிப் துருக்கறை விடும்.